பட்டா கையில் இருக்கிறது, பள்ளிவாசல் கட்ட ஊர் விடவில்லை: என்ன செய்யலாம்?

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து வந்த கடிதம் இது. பெயர், ஊர், ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

எழுதியவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார், ஊர் ஜமாஅத்தின் (முஸ்லிம் குடும்பங்களின் ஊர் அமைப்பு) செயலாளர். அந்த ஊராட்சியில் முஸ்லிம் குடும்பங்கள் 40 இருக்கும். பள்ளிவாசல் கிடையாது, பக்கத்தில் உள்ளது 6 கிலோமீட்டர் தள்ளி டவுனில். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு ஆண்கள் ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்விடுகிறார்கள்; முடியாத பெரியவர்களுக்கு வழியில்லை. ரமலான் மாதத்தில் தராவீஹ் தொழுகை முடிய இரவு பத்து மணிக்கு மேல் ஆகிவிடும், அந்த நேரத்தில் டவுனிலிருந்து திரும்பி வர பஸ் இல்லை. 2019ல் எல்லோரும் பணம் போட்டு, ஊர்க்காரர் ஒருவரிடமே 9 சென்ட் நிலம் வாங்கி, அறக்கட்டளை பெயரில் பத்திரம் பதிந்து பட்டாவும் மாற்றியாயிற்று. போன வருஷம் வேலையைத் தொடங்கக் கல் இறக்கிய அன்றே பிரச்சினை வந்துவிட்டது.

180 பேர் கையெழுத்துப் போட்ட எதிர்ப்பு மனு கலெக்டருக்குப் போனது. கிராம சபையில் "இங்கே பள்ளிவாசல் கூடாது" என்று தீர்மானம் போட்டார்கள். தாசில்தார் அமைதிப் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டு, "இரு தரப்பும் உடன்படும் வரை எந்தக் கட்டுமானமும் செய்ய மாட்டோம்" என்று எழுதி இவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அப்புறம் ஊர்ப் பெரியவர்கள் கண்மாய்க் கரையோரம் வேறு இடம் காட்டுகிறார்கள். ஜமாஅத் இளைஞர்களோ, வீடு கட்டுகிறோம் என்று பிளான் வாங்கிக் கட்டி முடித்துவிட்டு உள்ளே தொழ ஆரம்பித்துவிடலாம் என்கிறார்கள். இதற்கு நடுவில், இவர் கடையில் யாரும் சாமான் வாங்கக் கூடாது என்று வாட்ஸ்அப்பில் செய்தி சுற்றுகிறது.

"25 வருஷமா மாரியம்மன் கொடைக்கு என் கடையில இருந்துதான் கற்பூரமும் வெல்லமும் போகுது, வரியும் கேட்டதுக்குக் குறையாம கொடுத்திருக்கேன். எங்க சொந்த நிலத்துல நாங்க தொழுறதுக்கு யார்கிட்ட அனுமதி கேக்கணும்? அரசியல் சட்டம் 25வது பிரிவு இருக்கும்போது கலெக்டர் எதுக்கு?" என்று முடிக்கிறார்.

அன்புள்ள சகோதரருக்கு,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய படங்களையும் பார்த்தேன். பத்திரம், பட்டா, எதிர்ப்பு மனு, கிராம சபைத் தீர்மானம், தாசில்தார் கூட்டக் குறிப்பு எல்லாம் இருக்கின்றன. ஒரு காகிதத்தை மட்டும் தேடித் தேடிப் பார்த்தேன், காணவில்லை: நீங்கள் கலெக்டரிடம் கொடுத்த விண்ணப்பம். பிறகுதான் கடிதத்தின் நடுவே "சொந்த நிலம் என்பதால் மனு எதுவும் போடவில்லை" என்று நீங்களே எழுதியிருப்பதைக் கவனித்தேன். சிக்கல் இங்கேதான் இருக்கிறது. கலெக்டர் ஆபீஸ் கோப்பில் இன்றைக்கு இருப்பது முழுக்க எதிர்த்தரப்பின் காகிதம். உங்களுக்கு இதுவரை யாரும் அனுமதி மறுக்கவே இல்லை, ஏனென்றால் நீங்கள் கேட்கவே இல்லை.

அனுமதி கேட்டே ஆகவேண்டுமா?

ஆமாம். இது உங்களுக்குக் கசப்பாக இருக்கும், ஆனால் முதலில் தெளிவாக வேண்டிய விஷயம் இதுதான். தமிழ்நாடு ஊராட்சிக் கட்டட விதிகள் 1997ல், 4வது விதியின் 3வது உட்பிரிவு, பொது வழிபாட்டுக்கான கட்டடம் எழுப்ப ஓர் இடத்தைப் பயன்படுத்துவதற்கு முன் மாவட்ட ஆட்சியரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. நிலம் உங்களுடையதா, பட்டா இருக்கிறதா என்பது வேறு கேள்வி. இந்த விதி முஸ்லிம்களுக்கென்று போட்டதும் இல்லை. புதுக் கோயிலுக்கும் சர்ச்சுக்கும் இதே விதிதான். தென் மாவட்டங்களில் இந்த விதியின் கீழ் ஜெபக்கூடங்கள் தொடர்பான வழக்குகளும் ஹைகோர்ட் மதுரைக் கிளைக்கு வந்திருக்கின்றன.

25வது பிரிவைச் சொன்னீர்கள். அதைவிட உங்களுக்கு நேராகப் பொருந்துவது 26வது பிரிவு. சமயப் பிரிவினர் ஒவ்வொருவருக்கும் சமயக் காரியங்களுக்கான நிறுவனங்களை ஏற்படுத்தி நடத்தும் உரிமையும், சொத்து வாங்கி வைத்துக்கொள்ளும் உரிமையும் அதில் தெளிவாக இருக்கின்றன. ஆனால் இரண்டு பிரிவுமே "பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு" என்றுதான் ஆரம்பிக்கின்றன. கலெக்டரின் அனுமதி அந்த வார்த்தைகளிலிருந்து வருவது. அதனால் "அனுமதியே தேவையில்லை" என்று கோர்ட்டில் வாதாடுவது வீண் வேலை, அந்த வாதத்தோடு போனால் முதல் நாளே பின்வாங்க வேண்டியிருக்கும்.

சரி, ஊரே எதிர்க்கிறதே, கேட்டால் மட்டும் கொடுத்துவிடுவாரா?

இங்கேதான் நீங்கள் நினைப்பதைவிட உங்கள் நிலை வலுவாக இருக்கிறது. இடம் வழிபாட்டுக்குப் பயன்பட்டால் பொது அமைதிக்கு ஆபத்து வரும் என்று கருதினால் ஆட்சியர் மறுக்கலாம், அது உண்மை. ஆனால் எதிர்ப்பு இருக்கிறது என்பதும், அமைதிக்கு ஆபத்து இருக்கிறது என்பதும் ஒன்றாகிவிடாது. "கலாட்டா செய்வோம்" என்று ஒரு தரப்பு மிரட்டியதாலேயே இன்னொரு தரப்பின் உரிமையை நிறுத்திவைக்க முடியும் என்றால், யார் சத்தமாக மிரட்டுகிறார்களோ அவர்கள் வைத்ததே சட்டம் என்றாகிவிடும். 1989ல் ஒரு தமிழ்ப் படத்துக்கு எதிர்ப்புக் கிளம்பி வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனபோது, ஆர்ப்பாட்டம் நடக்கும், வன்முறை வரும் என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையை அடக்குவது சட்டத்தின் ஆட்சியையே மறுப்பதாகும், மிரட்டலுக்குப் பணிவதாகும் என்று நீதிபதிகள் சொன்னார்கள். பாதுகாப்புக் கொடுப்பது அரசின் கடமை, முடியவில்லை என்று கைவிரிக்கக் கூடாது என்பது அதன் சாரம். அது பேச்சுரிமை வழக்குதான், ஆனால் மத உரிமை வழக்குகளிலும் இந்த வாதத்தை எடுத்து வைக்கலாம்.

இன்னொரு தீர்ப்பு இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பெரம்பலூர் மாவட்டம் வி.களத்தூரில் கோயில் ஊர்வலம் சில தெருக்கள் வழியாகப் போகக் கூடாது என்று பல வருஷம் தகராறு. அங்கே பெரும்பான்மை முஸ்லிம்கள், எதிர்ப்புத் தெரிவித்ததும் அவர்கள்தான். 2021 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், ஓரிடத்தில் ஒரு மதத்தார் அதிகமாக இருக்கிறார்கள் என்பதற்காக இன்னொரு மதத்தின் விழாவையும் ஊர்வலத்தையும் தடுக்க விட்டால், நாளைக்கு நாடு முழுக்க எல்லோரும் அதையே செய்வார்கள், சகிப்பின்மைக்கு இடம் கொடுக்க முடியாது என்று தீர்மானமாகச் சொன்னது. அன்றைக்கு அந்தத் தீர்ப்பைப் படித்து வருத்தப்பட்ட முஸ்லிம்கள் உண்டு. நான் அதை முழு மனதோடு ஏற்கிறேன், நீங்களும் ஏற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தெருவில் தேர் போகும் உரிமையும், உங்கள் 9 சென்ட்டில் பள்ளிவாசல் எழும் உரிமையும் ஒரே காரணத்தில்தான் நிற்கின்றன.

கிராம சபைத் தீர்மானத்தைப் பற்றி நீங்கள் ரொம்பவே கவலைப்படுகிறீர்கள். கிராம சபை ஊரின் கருத்தைச் சொல்லலாம். கை தூக்கி எண்ணிப் பார்த்து ஒருவரின் அடிப்படை உரிமையை எடுத்துவிடும் அதிகாரம் அதற்கு இல்லை. ஆட்சியர் அந்தத் தீர்மானத்தையும் ஒரு காகிதமாகப் பார்ப்பார். அதைக் காட்டி மட்டும் மறுத்தால் அந்த உத்தரவை எதிர்த்து வாதாட நிறையவே இடம் உண்டு.

எதிர்ப்பு மனுவில் என்ன இருக்கிறது

அந்த மனுவைக் கோபத்தை ஒதுக்கி வைத்துவிட்டு மறுபடியும் ஒரு தடவை படித்துப் பாருங்கள். கையெழுத்துப் போட்டவர்களில் பாதிக்கு மேல் வெளியூர் ஆட்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், அதை முகவரியோடு பட்டியல் போட்டு ஆட்சியரிடம் கொடுக்கலாம். ஆனால் மீதிப் பேர் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். அவர்கள் சொல்லும் காரணங்களில் சில வெறுப்பு, சில பயம், ஒன்றிரண்டு நியாயமானவை. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடாதீர்கள்.

முதலாவது முளைப்பாரி ஊர்வலம். உங்கள் நிலத்துக்கு முன்னால் இருக்கும் ரோட்டில்தான் கொடை விழாவுக்கு முளைப்பாரி எடுத்துப் போகிறார்கள், பள்ளிவாசல் வந்துவிட்டால் மேளம் அடிக்கக் கூடாது என்று நாளைக்குத் தடுப்பார்கள் என்று மனுவில் இருக்கிறது. உண்மையான பயம் இதுதான் என்று எனக்குப் படுகிறது, மற்ற காரணங்கள் இதைச் சுற்றி வந்து சேர்ந்தவை. பள்ளிவாசல் முன்னால் மேளம் என்பது நூறு வருஷத்துக்கு மேலாக எத்தனையோ ஊர்களில் சண்டை மூட்டிய விஷயம். நீங்கள் யாரும் கேட்பதற்கு முன்பே அறக்கட்டளைக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, ஊர்வலம் வழக்கமான பாதையில் மேளத்தோடு போவதற்கு எங்களுக்கு எந்த ஆட்சேபமும் இல்லை, என்றைக்கும் இருக்காது என்று எழுதி, அதன் நகலை ஆட்சியருக்கும் கோயில் கமிட்டிக்கும் கொடுங்கள். வி.களத்தூர் தீர்ப்புக்குப் பிறகு ஊர்வலத்தை எதிர்க்கச் சட்டப்படியே பெரிதாக இடமில்லை, அதனால் நீங்கள் எதையும் இழக்கவில்லை. அவர்களுக்கு அது பெரிய நிம்மதி.

இரண்டாவது ஒலிபெருக்கி. இதில் அவர்கள் பக்கம் சட்டம் இருக்கிறது. ஒலி மாசு விதிகள் 2000த்தின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் வரம்பு. சுபுஹு பாங்கு (விடியற்காலைத் தொழுகைக்கான அழைப்பு) நம் ஊரில் வருஷம் முழுக்கவே 6 மணிக்கு முன்னால்தான் வரும், அதைக் குழாய் ஸ்பீக்கரில் வெளியே ஒலிக்க விட முடியாது. சென்னை மாதவரத்தில் ஒரு சர்ச்சின் ஒலிபெருக்கிக்கு எதிராகக் குடியிருப்போர் சங்கம் போட்ட வழக்கில், அடுத்தவர் அமைதியைக் குலைத்துப் பிரார்த்தனை செய்யச் சொல்லி எந்த மதமும் கூறவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000ல் தீர்ப்புச் சொன்னது. கோயில் மைக்குக்கும் இதே விதிதான், அதை இப்போது சொல்லிக்காட்டி வம்பு வளர்க்க வேண்டாம். உங்கள் விண்ணப்பத்திலேயே, வெளிப்பக்கம் பார்த்த ஸ்பீக்கர் வைக்க மாட்டோம், உள்ளே மட்டும் கேட்கும்படி வைப்போம் என்று எழுதிவிடுங்கள்.

மூன்றாவது வக்பு, அதாவது இஸ்லாமிய அறக்கொடைச் சொத்து. "பள்ளிவாசல் கட்டினால் ஊர் நிலம் முழுவதும் வக்பு வாரியத்துக்குப் போய்விடும்" என்று மனுவில் இருப்பதைப் படித்து உங்கள் பையன் கோபப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கோபம் புரிகிறது, ஆனால் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 2022ல் திருச்சி பக்கம் திருச்செந்துறையில் ஒருவர் தன் நிலத்தை விற்கப் போனபோது, வக்பு வாரியத்தின் தடையின்மைச் சான்று வாங்கி வா என்று பத்திரப் பதிவு ஆபீசில் திருப்பி அனுப்பினார்கள். அது டிவியில் எல்லாம் வந்தது, விவசாயிகள் மனதில் அப்படியே தங்கிவிட்டது. உங்கள் விஷயமே வேறு: காசு கொடுத்து வாங்கிய 9 சென்ட், சர்வே எண்ணும் நான்கெல்லையும் பத்திரத்தில் இருக்கின்றன. அந்த எல்லையைத் தாண்டி ஒரு அடி நிலம்கூட இதனால் யாருக்கும் போகாது. ஒரு சொத்து வக்புதானா என்று வாரியமே விசாரித்து முடிவு செய்ய வழிவிட்ட வக்பு சட்டத்தின் 40வது பிரிவையும் 2025 திருத்தச் சட்டம் நீக்கிவிட்டது. பத்திரத்தின் நகலையும் எப்எம்பி (புல அளவை) வரைபடத்தையும் பேச்சுவார்த்தைக்கு எடுத்துப் போய் மேசையில் விரித்துக் காட்டுங்கள். வாயால் சொல்வதைவிட வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினால் ஜனங்கள் நம்புவார்கள்.

நான்காவதாக, "பள்ளிவாசல் இஸ்லாத்துக்கு அவசியமே இல்லை என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது" என்று எழுதியிருக்கிறார்கள். அயோத்தி நிலம் தொடர்பான 1994 இஸ்மாயில் ஃபரூக்கி தீர்ப்பில் அப்படி ஒரு வரி உண்டு. அது அரசு நிலம் கையகப்படுத்தலாமா என்ற கேள்வியை ஒட்டிச் சொன்னது, அந்தச் சூழலுக்கு வெளியே அதை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே விளக்கிவிட்டது. இதற்கு விண்ணப்பத்தில் இரண்டு வரி போதும்.

வெள்ளிக்கிழமை வண்டி நிறுத்தும் பிரச்சினையையும் கிளப்பியிருக்கிறார்கள், அது நியாயம். 9 சென்ட் என்றால் ஏறத்தாழ 3,900 சதுர அடி. மொத்தத்தையும் கட்டடமாக்காமல் முன்பக்கம் பைக் நிறுத்த இடம் விட்டு, உளூ செய்யும் (தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவும்) தண்ணீர் ரோட்டுக்கு வராதபடி உறிஞ்சுகுழி காட்டி, பெண்கள் தொழத் தனி வழியோடு ஒரு நல்ல பொறியாளரிடம் பிளான் போடுங்கள். மனையின் விலை குறையும் என்ற கடைசிக் காரணத்துக்குப் பதில் எழுதக்கூட வேண்டாம், அதை வைத்து ஒருவரின் வழிபாட்டு உரிமையை மறுக்க முடியாது.

வீடு என்று கட்டிவிட்டுத் தொழலாமா?

இளைஞர்களிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள், இது கூடவே கூடாது. வீட்டுக்கு வாங்கிய பிளானில் பொது வழிபாடு நடத்தினால் பிளானை மீறிய பயன்பாடு என்று நோட்டீஸ் வரும், பூட்டி சீல் வைப்பார்கள். அதைவிடப் பெரிய நஷ்டம், பொய் சொல்லிக் கட்டினார்கள் என்ற பெயர் ஊரில் நிலைத்துவிடும். இத்தனை நாள் அவர்கள் சொல்லிவந்த சந்தேகத்துக்கு நீங்களே சாட்சி கொடுத்தது போல ஆகிவிடும். பின்னாடி எந்த கலெக்டரிடம் போனாலும் அந்தக் கோப்பு முன்னால் வந்து நிற்கும். ஒரு குடும்பம் தன் வீட்டில் தொழுவதை யாரும் கேட்க முடியாது. ஆனால் ஊர் முழுக்கத் திரண்டு தினமும் கூட்டுத் தொழுகை என்று வந்துவிட்டால், அதற்கு அனுமதி வேண்டுமா என்பதில் நம் ஹைகோர்ட்டிலேயே ஒரே மாதிரியான தீர்ப்புகள் இல்லை. அந்த நிச்சயமின்மையை நம்பி 40 குடும்பத்தின் சேமிப்பைப் போடாதீர்கள்.

கண்மாய்க் கரை இடம்

வேறு இடத்துக்குப் போக வேண்டிய சட்டக் கட்டாயம் உங்களுக்கு இல்லை. சமாதானத்துக்காகப் போவதும் தப்பில்லை, அதை உங்கள் ஜமாஅத் முடிவு செய்யட்டும். ஆனால் அவர்கள் காட்டும் அந்தக் குறிப்பிட்ட இடத்துக்குப் போகாதீர்கள். நீங்கள் அனுப்பிய அடங்கலில் அது புறம்போக்கு என்றுதான் இருக்கிறது, ஒரு பகுதி கண்மாய் உள்வாயாகவும் (தண்ணீர் தேங்கும் பகுதி) தெரிகிறது. பொது இடத்தில் அனுமதியில்லாமல் எந்த மத வழிபாட்டுத் தலமும் புதிதாகக் கட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009 செப்டம்பரிலேயே இடைக்கால உத்தரவு போட்டிருக்கிறது. நீர்நிலை ஆக்கிரமிப்பு என்றால் நம் ஹைகோர்ட் கொஞ்சமும் இரக்கம் காட்டாது. இன்றைக்குக் கைகுலுக்கி இடம் கொடுத்த அதே ஊரிலிருந்து பத்து வருஷம் கழித்து யாரோ ஒருவர் பொதுநல வழக்குப் போட்டால் ஜேசிபி வந்து நிற்கும், அப்போது இப்போதைய பெரியவர்கள் யாரும் துணைக்கு வரமாட்டார்கள். மாற்று இடம்தான் என்றால் பட்டா நிலமாக இருக்கட்டும், வண்டிப் பாதை இருக்கட்டும், ஆட்சியரின் ஒப்புதல் எழுத்தில் வந்தபிறகு மட்டும் இந்த 9 சென்ட்டை விடுவதைப் பற்றி யோசியுங்கள்.

தாசில்தார் முன் போட்ட கையெழுத்து

அதைப் போட்டதற்காக உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். போலீஸ் சுற்றி நிற்க, "போட்டால் பிரச்சினை முடியும்" என்று சொன்னால் யாரும் போடத்தான் செய்வார்கள். அந்தக் குறிப்பு அன்றைய பதற்றத்தைத் தணிக்க எழுதியது. "இரு தரப்பும் உடன்படும் வரை" என்று வைத்து, எதிர்த்தரப்புக்கு நிரந்தரமான ஒரு தடுப்பதிகாரத்தைத் தாசில்தார் கொடுத்துவிட முடியாது. அடிப்படை உரிமையை விட்டுக்கொடுத்து ஒருவர் எழுதிக் கொடுத்தாலும் அது அவரைக் கட்டாது என்று உச்ச நீதிமன்றம் 1985ல் மும்பை நடைபாதைவாசிகள் வழக்கில் சொல்லியிருக்கிறது. அதற்காக அந்தக் காகிதத்தை மதிக்காமல் நாளைக்கே கல் இறக்காதீர்கள். ஆட்சியரின் உத்தரவு வரும்வரை நாங்கள் வாக்கைக் காப்பாற்றினோம் என்பது கோர்ட்டில் உங்களுக்கு நல்ல பெயர் வாங்கித் தரும்.

ஊரில் தடை உத்தரவு போடுவார்களோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். பழைய 144தான் இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 163வது பிரிவு. அது இரண்டு மாதத்துக்குத்தான், அரசு நினைத்தால் மேலும் ஆறு மாதம் வரை நீட்டலாம். அதை வைத்து ஒரு கட்டடத்தை என்றைக்குமாக நிறுத்த முடியாது.

இப்போது செய்ய வேண்டியவை

ஆட்சியருக்கு முறையான விண்ணப்பம். அதில் குடும்பங்களின் எண்ணிக்கையும், பக்கத்துப் பள்ளிவாசலின் தூரமும், பெரியவர்கள் பெண்களின் சிரமமும் ஆதாரத்தோடு இருக்கட்டும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கேரள உயர் நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் நிலம்பூர் பக்கம் ஒரு வணிகக் கட்டடத்தைப் பள்ளிவாசலாக மாற்ற அனுமதி கேட்ட வழக்கைத் தள்ளுபடி செய்தபோது, 5 கிலோமீட்டர் சுற்றளவில் ஏற்கெனவே 36 பள்ளிவாசல்கள் இருந்ததைப் பெரிய காரணமாக எடுத்துக்கொண்டது. கேரளத்து விதிகள் வேறு, தமிழ்நாட்டை அது நேரடியாகக் கட்டாது. ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைக் கட்டாயம் காட்டுவார். உங்களுக்கு 6 கிலோமீட்டருக்குள் ஒன்றுகூட இல்லை, அதை நீங்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

விண்ணப்பத்தோடு பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வரைபடம், பிளான், ஊர்வலத் தீர்மானம், ஒலிபெருக்கி உறுதிமொழி. நேரில் கொடுத்தால் முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள், பதிவுத் தபாலிலும் ஒரு நகல் அனுப்புங்கள். தாசில்தார், ஆர்டிஓ, போலீஸ் எல்லோரிடமும் அறிக்கை கேட்பார்கள், விஏஓ வந்து இடத்தைப் பார்ப்பார், மாதங்கள் ஓடும். கூட்டக் குறிப்பின் சான்றிட்ட நகலுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் வரவேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு.

ஆட்சியர் பதிலே சொல்லாமல் இழுத்தால், இத்தனை வாரத்துக்குள் முடிவெடுக்கச் சொல்லுங்கள் என்று மதுரைக் கிளையில் அரசியல் சட்டம் 226வது பிரிவின் கீழ் ரிட் மனுப் போடலாம். மறுத்தால், காரணம் எழுதித்தான் மறுக்க வேண்டும், அந்தக் காரணத்தை எதிர்த்துப் போகலாம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இந்த மாதிரி வழக்குகளில் கோர்ட் பெரும்பாலும் தானே அனுமதி கொடுக்காது, உத்தரவை ரத்து செய்து மறுபடியும் பரிசீலிக்கச் சொல்லி ஆட்சியரிடமே திருப்பி அனுப்பும். எனவே ஒரே தீர்ப்பில் எல்லாம் முடிந்துவிடும் என்று ஜமாஅத்தில் யாருக்கும் நம்பிக்கை கொடுக்காதீர்கள், இரண்டு மூன்று வருஷம் ஆகலாம்.

உங்கள் கடை

ஒருவர் உங்கள் கடையில் வாங்காமல் இருப்பது அவர் இஷ்டம், அதைச் சட்டத்தால் மாற்ற முடியாது. ஆனால் மதத்தைச் சொல்லி, பகையைத் தூண்டி, வாங்காதே என்று செய்தி பரப்புவது வேறு. பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) 196வது பிரிவின் கீழ் அதற்குப் புகார் கொடுக்கலாம். இப்படிப்பட்ட வெறுப்புப் பேச்சுக்குப் புகார் வராவிட்டாலும் தாமாகவே வழக்குப் பதிய வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டிருக்கிறது. ஸ்கிரீன்ஷாட்டில் அனுப்பியவர் எண்ணும் தேதியும் தெரியும்படி எடுத்து வையுங்கள், அந்தக் குரூப்பில் இருக்கும் ஒருவரிடமிருந்தே மூலச் செய்தியையும் அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். புகாரை இன்றைக்கே கொடுப்பதா, கொஞ்சம் பொறுப்பதா என்பது நீங்கள் முடிவு செய்ய வேண்டியது. என் அபிப்பிராயம், செய்தி எழுதிய ஓரிருவர் மேல் மட்டும் கொடுங்கள், குரூப்பில் இருந்த ஊர்க்காரர்கள் அத்தனை பேரையும் இழுக்காதீர்கள். அவர்களில் பாதிப் பேர் உங்கள் கடைக்கு மறுபடியும் வரத் தயங்கிக்கொண்டு நிற்பவர்கள்.

கொடைக்கு இந்த வருஷம் வரி கேட்டு இன்னும் யாரும் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவர்கள் வரட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே கோயில் கமிட்டியிடம் போய்க் கொடுங்கள், ஊர்வலத் தீர்மானத்தின் நகலையும் அப்போதே கையில் கொடுத்துவிடலாம். வாங்க மறுத்தால் சண்டை போடாமல் திரும்பி வாருங்கள்.

கூட்டக் குறிப்பின் இரண்டாம் பக்கம் படத்தில் மங்கலாக இருக்கிறது, அதில் வேறு நிபந்தனை ஏதும் எழுதியிருக்கிறார்களா என்று என்னால் படிக்க முடியவில்லை. சான்றிட்ட நகல் வந்ததும் அதை அனுப்புங்கள், விண்ணப்ப வரைவையும் சேர்த்து அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை தாசில்தார் எந்தக் கூட்டத்துக்குக் கூப்பிட்டாலும் போங்கள், இரண்டு பேரைக் கூட அழைத்துப் போங்கள், ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.